மட்கார்டில் வந்த மாப்பிள்ளை

செஞ்சியில் எங்கள் தெருவுக்கு மாப்பிள்ளை அழைப்பு என்றால் அரங்கநாதன் வீட்டுத் திறந்த காரில்தான். நாயனக்காரர் பத்தடிக்கு ஒருமுறை நின்று வாசிப்பார். காரும் அவர் பின்னால் நின்று நின்று ஊர வேண்டும். அதற்குத்தான் அந்தக் காருக்கு மனசு வராது. வேகமாகப் போகச் சொன்னால் திண்டிவனம் வரை போகும். மெதுவாகப் போகச் சொன்னால் பிள்ளையார் கோயில் எதிரிலேயே எஞ்சின் அணைந்துவிடும். மாப்பிள்ளையை ஏற்றிய கார் நடுத்தெருவில் நின்றால் அபசகுனம். 1946 தையில் இரண்டு கல்யாணங்களில் அப்படி நின்றது. ஒரு சம்பந்தி மூட்டை முடிச்சைக் கட்டவே ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் கன்னியப்பன் மிலிட்டரி லாரிகளுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். சேரிக்காரர். அந்நாளில் எங்கள் தெருவில் யாரும் அவரை 'அவர்' என்றதில்லை. இப்போது எழுதுகிறேன், செலவில்லாத மரியாதைதானே. சேரி ஆட்கள் எங்கள் தெருவில் நடக்கக்கூடாது. ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போக வேண்டும். பர்மா வரை போய்வந்த மனிதருக்கும் அதே சுற்றுதான்.

காரை அரங்கநாதனின் தோப்பில் நிறுத்தி அவருக்குக் காட்டினார்கள். டிரைவர் செல்லப்பன் அதுவரை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே கார்பரேட்டரைத் திருகிப் பார்த்து அலுத்துப்போயிருந்தார். கன்னியப்பன் முதலில் கால்மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றினார். பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவை மாற்றுகிற சின்னத் திருகைத் திருப்புளியால் மெல்ல உள்ளே திருப்பினார், எஞ்சின் திணறியது. வெளியே திருப்பினார், குலுங்கிக் கரும்புகை கக்கியது. இரண்டுக்கும் நடுவே சத்தம் சீராகிற இடத்தில் விட்டார். பிறகு வேகத்துக்கான திருகைக் கொஞ்சம் தளர்த்தினார், மறுபடி முதல் திருகுக்கு வந்தார். நாலைந்து தடவை இப்படி. கடைசியில் எஞ்சின் ஓடுகிறதா என்று செல்லப்பன் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

"இனிமே நிக்காதா?" என்றார் அரங்கநாதன்.

கன்னியப்பன் கொஞ்சம் யோசித்தார். "நிக்காது சார். ஆனா ஊர்ந்து போவும்போது காத்து மாறிக்கினே இருக்கும். திருப்புளியோட ஆளு கூடவே குந்திகினு வரணும்."

அந்த 'சார்' மிலிட்டரியில் கற்றது. துரைமார்களுக்குச் சொல்கிற வார்த்தை என்பதால் அரங்கநாதனுக்கும் பிடித்திருந்தது.

தெருப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். சேரி ஆள் தெருவில் நடக்கக்கூடாது என்பதுதானே கட்டுப்பாடு, மட்கார்டில் உட்கார்ந்து வருவது நடப்பதில் சேராது என்று தீர்ப்பாயிற்று. எங்கள் தெருவில் சட்டம் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை.

மூன்று வருஷம், எந்த மாப்பிள்ளை வந்தாலும், பானெட்டின் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மட்கார்டில் பூட்ஸ் காலோடு கன்னியப்பனும் வந்தார். எஞ்சின் ஒருமுறைகூட அணையவில்லை.

1949 ஆவணியில் அவருக்கே கல்யாணம். பெண் தைலம்மாள், மேல்சித்தாமூர்ப் பக்கம். அங்கே தாலி கட்டி, பஸ்ஸில் செஞ்சிக்கு அழைத்து வந்தார். வந்த அன்றைக்கே மனைவியை ஏரிக்கரையைச் சுற்ற வைக்க அவருக்கு மனசில்லை. அதனால் முன்தினமே அரங்கநாதனிடம் சொல்லி வைத்திருந்தார்: "முகூர்த்தம் வர்துங்க சார். வண்டிய உங்க தெருவுல ஒரு டிரையல் பாக்கணும். பின்சீட்டுல வெயிட்டு இருக்கணும்." வெயிட் எது என்று அரங்கநாதன் கேட்கவில்லை.

மத்தியானம் மூன்று மணிக்குக் கார் தெருவில் நுழைந்தது. நானும் வாசலில் நின்றிருந்தேன். மட்கார்டில் மாலையும் கழுத்துமாகக் கன்னியப்பன், கையில் திருப்புளி. பின்சீட்டில் கூறைப்புடவையில் தைலம்மாள், தனியாக. பெரியவர்கள் தடுக்க எழுந்து, மறுபடி திண்ணையில் உட்கார்ந்தார்கள். அவன் எப்போதும் வருகிற இடத்தில்தான் வருகிறான். எதைச் சொல்லித் தடுப்பது?

பாதித் தெருவில் தைலம்மாளின் குரல் கேட்டது. "இன்னாத்துக்கு அங்க குந்திகினு இருக்க? இங்க வா."

"எஞ்சின் நின்னுடும், தைலம்."

"நின்னா நிக்கட்டும். வெயிட்டுக்கு ஏத்திகினு போறதுக்கு நான் இன்னா மூட்டையா? தாலி கட்டின ஆளு பக்கத்துல வந்து குந்து."

கன்னியப்பன் திருகைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். கையை எடுத்தாலும் எஞ்சின் நிற்காது என்பது அவருக்கு மட்டும் தெரியும். அதுதான் சங்கடம். எழுந்து போனால் மூன்று வருஷமாகச் சொன்ன பொய்யைத் தெருவே பார்த்துவிடும், அப்புறம் மட்கார்டும் இல்லை. போகாவிட்டால் தன் கல்யாணத்திலும் அவர் வண்டிக்கு வேலையாள்தான்.

திருப்புளியைச் சட்டைப் பையில் செருகினார். ஊர்ந்துகொண்டிருந்த காரின் ஃபுட்போர்டில் கால் வைத்து ஏறி, தைலம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

அந்த எஞ்சின் நின்றுபோக வேண்டும் என்று நான் பிள்ளையாரை வேண்டிக்கொண்டேன். நின்றிருந்தால் எங்கள் நியாயம் பிழைத்திருக்கும். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பிள்ளையார் கேட்கவில்லை. நாயனம் இல்லாவிட்டாலும் செல்லப்பன் பழக்கத்தில் பத்தடிக்கு ஒருமுறை பிரேக் போட்டார். ஒவ்வொரு முறையும் எஞ்சின் சீராகத் துடித்துக்கொண்டே காத்திருந்து, மெல்ல நகர்ந்தது. தெருக்கோடி போய்ச் சேர இருபது நிமிஷம் ஆயிற்று. தைலம்மாள் ஒரு பக்கமும் திரும்பாமல் நேராகப் பார்த்துக்கொண்டு போனார்.

அடுத்த முகூர்த்தத்துக்கு யாரும் கன்னியப்பனைக் கூப்பிடவில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து அந்தத் திருகை யாரும் அசைக்கவும் இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ மாப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கார் எங்கள் தெருவில் அழகாக ஊர்ந்தது. அதைச் சரிசெய்தவரை உள்ளே விடத்தான் எங்களுக்குக் காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை.