டர்போவில் ஒரு சிவப்புப் பொட்டு

அந்த லிங்கராஜபுரத்து மெக்கானிக் என் முகத்தைப் பார்த்துப் பேசவே மாட்டார். ஒல்லியான உடம்பு, காதில் செருகிய பென்சில். பேச்செல்லாம் திறந்த போனட்டுக்குள் குனிந்தபடிதான். எனக்கு அதுவே சந்தேகம்.

என் பழைய டீசல் கார் மேம்பாலம் ஏறத் திணறியது. சேமித்த காசுக்குள் அடங்குகிற மாதிரி, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவை, செகண்ட் ஹேண்டில் பெரியதாக மாட்டித் தரச் சொன்னேன்.

“டர்போ நல்லாத்தாம்மா இருக்கு. காத்து போற ஹோஸ்தான் கிழிஞ்சிருக்கு. அதை மாத்தி, டர்போவையும் கழட்டி க்ளீன் பண்ணித் தரேன். வண்டிய விட்டுட்டுப் போங்க.”

வருகிற லாபத்தை யார் வேண்டாம் என்பார்கள்? நல்லதைக் கழற்றி வைத்துக்கொண்டு மட்டமானதை மாட்டிவிடுவாரோ? எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். ஏமாந்து நிற்க முடியாது. அவர் டீ குடிக்கப் போன நேரத்தில், டர்போவின் சூடேறாத பக்கத்தில் நெயில் பாலிஷால் சிவப்புப் பொட்டு வைத்தேன்.

மறுநாள் டார்ச் அடித்துப் பார்த்தேன். பொட்டு அப்படியே இருந்தது. புது ஹோஸிலும் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு பொட்டு இருந்தது.

“அதுக்கும் வெச்சிட்டேன், மேடம். நாளைக்கு வேற யாருகிட்ட விட்டாலும் செக் பண்ணிக்கலாம்,” என்றார்.

கார் இப்போது திணறுவதில்லை. அவர் கிண்டலாகச் சொன்னாரா, மனம் நொந்து சொன்னாரா? முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அன்று நானும் போனட்டுக்குள்ளேயேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.