சைடு அடிக்கிறவள் தைத்த கவுன்

கயல்விழி பதினேழு வருடங்களாகச் சைடு அடிக்கிறாள். அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை. ஒருவர் தோளை இணைப்பார், ஒருவர் கழுத்து வைப்பார், ஒருவர் கையை ஏற்றுவார். அவளிடம் வந்து சேரும்போது துணி இரண்டு பக்கமும் திறந்து கிடக்கும். ஓவர்லாக் மிஷினில் இந்தப் பக்கம் ஒரு ஓட்டம், அந்தப் பக்கம் ஒரு ஓட்டம், அவ்வளவுதான். துணி அடுத்த ஆளிடம் போய்விடும்.

ஆனால் தெருவில் அவள் பெயர் டெய்லர். ஜாக்கெட் துணியோடு வருகிறவர்களிடம், "எனக்கு முழுசாத் தெக்கத் தெரியாதுங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. பிகு பண்ணுகிறாள் என்றே நினைத்தார்கள்.

போன வருடம் ஒரு நீலக் கவுன் ஆர்டர் வந்தது. கணுக்கால்வரை இறங்கும் பனியன் துணிக் கவுன். மூன்று வாரம் அதற்குச் சைடு அடித்தாள். வயது நாற்பதாகிறது; புடவை, சுடிதார், நைட்டி தவிர எதையும் உடுத்தியதில்லை. இதில் ஒன்று உடுத்திப் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஆர்டர் முடிந்து கட்டிங் வேஸ்டை விற்றபோது ஒரு பை வாங்கி, கேட்டில் சீட்டுக் காட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

பையைக் கொட்டியதும் முதல் எரிச்சல். எல்லாம் முழ நீளத் துண்டுகள். நீலத்திலேயே மூன்று நீலம். வெட்டிய ஓரங்கள் சுருண்டுகொண்டன. நீவிவிட்டால் மறுபடி சுருண்டன. ஒரு பழைய சுடிதார் டாப்பை மேலே வைத்து, துண்டுகளை ஒட்டுப்போட்டு வெட்டினாள். பக்கத்து வீட்டு ரம்ஷா, குழந்தைகள் ஜட்டி தைக்க வீட்டிலேயே ஓவர்லாக் மிஷின் வைத்திருந்தாள். அங்கே போய் உட்கார்ந்தாள்.

சைடு தண்ணீர் மாதிரி ஓடியது. ரம்ஷா எடுத்துப் பார்த்து, "நூல் புடிச்சாட்ட இருக்குதுக்கா" என்றாள். அதோடு சரி. கழுத்துப் பட்டியை வைத்ததும் அது அலை அலையாக எழுந்து நின்றது. பிரித்தாள். மறுபடி வைத்தாள். மறுபடி எழுந்தது. நாலாவது முறை பிரித்தபோது துணியில் ஓட்டை விழுந்துவிட்டது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், லைனில் கழுத்து வைக்கிற ராமுலுவைப் பிடித்தாள். "ஏனுங்க ராமுலு, பட்டி ஏன் தூக்கிக்குது?"

"கழுத்தளவுக்கே பட்டிய வெட்டிப்போட்டீங்களா?"

"பொறவு?"

"பட்டி குறைச்சலா இருக்கோணுங்க. கழுத்துத் துணிய இழுக்காதீங்க, பட்டிய மட்டும் இழுத்துப் புடிச்சு அடிங்க. தானாப் படுத்துக்கும்."

பதினேழு வருடமாக நாலு மிஷின் தள்ளி உட்கார்ந்திருக்கிறார். ஒருநாளும் கேட்டதில்லை. "கை ஏத்தறது எப்படீங்க?" என்றாள்.

அவர் டிபன் பாக்ஸை மூடினார். "அது நமக்குத் தெரியாதுங்க. கழுத்து மட்டுந்தான்."

கை ஏற்றுகிற பெண் பிரசவத்துக்குப் போயிருந்தாள். கயல்விழி நேராக சூப்பர்வைசரிடம் போனாள். சாம்பிள் ரூமில் மட்டும் ஒரே ஆள் முழு பீஸையும் தைப்பார். "ஒரு வாரம் என்னைய சாம்பிள் ரூம்ல போடுங்க சார். பழகிக்கறேன்."

"உங்களைய எடுத்துப்போட்டா சைடுக்கு யாருங்க? உங்க வேகத்துக்கு ஆள் கெடைக்குமா?" பாராட்டுகிற மாதிரிதான் சொன்னார். மிஷினுக்குத் திரும்பி, அன்று வழக்கத்தைவிட மெதுவாக அடித்தாள். அதை யாரும் கவனித்ததாகவும் தெரியவில்லை.

கழுத்து ராமுலு சொன்னபடி படுத்துவிட்டது, ஓட்டையும் பட்டிக்குள் மறைந்தது. கையைத் தானே ஏற்றினாள். முதலில் வலது கையை இடது பக்கம் வைத்துவிட்டாள். மாற்றி வைத்தால் துணி மிஞ்சியது. மிஞ்சியதை வெட்டினால் போதாமல் போனது. மிச்சமிருந்த துண்டு குறுக்கில் பத்தாததால் நெடுக்கில் திருப்பி வெட்டிப் புதிய கைகள் வைத்தாள். கவுன் முடிந்தது.

கணவன் பிரான்சிஸ் பார்த்துவிட்டு, "நல்லாத்தான இருக்குது" என்றான்.

"நல்லாத்தான இருக்குதுன்னா?"

"நல்லா இருக்குதுன்னு அர்த்தம்."

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டு விசேஷத்துக்குக் காரமடை போக அதையே உடுத்தி, மேலே ஒரு துப்பட்டாவும் போட்டுக்கொண்டாள். பஸ்ஸில் உட்கார இடமில்லை. மேல்கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினாள். கை காதுவரைகூட எழவில்லை. அக்குள் இறுக்கிப் பிடித்தது. இன்னும் தூக்கினால் கவுனே மேலேறியது. பனியன் துணி குறுக்கேதான் நன்றாக இழுபடும், நெடுக்கில் திருப்பி வெட்டினால் கையைச் சுற்றி இழுபடாது என்பது அப்போதுதான் விளங்கியது. கம்பெனியில் அவள் கைக்கு எல்லாம் வெட்டியே வந்ததால், எந்தப் பக்கம் இழுபடும் என்று அவள் யோசிக்க வேண்டியிருந்ததே இல்லை. வழி நெடுக ஒரு சீட்டின் முதுகைப் பற்றிக்கொண்டு குலுங்கிக்கொண்டே போனாள்.

விசேஷ வீட்டில் இரண்டு பெண்கள், எந்தக் கடையில் எடுத்தது என்று கேட்டார்கள். "நானே தெச்சது" என்றாள். அவர்கள் வியந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. பந்தியில் பாயசத்துக்குக் கை நீட்டியபோது மறுபடி அக்குள் பிடித்தது.

சாயங்காலம் வீடு திரும்பி நைட்டிக்கு மாறினாள். "டீ போடட்டுமா?" என்று பிரான்சிஸ் கேட்டான்.

"வேண்டாம்."

வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து கவுனை உட்பக்கம் திருப்பினாள். இரண்டு கைகளையும் பிரித்துத் தனியே வைத்தாள். பிறகு பையை மறுபடி கொட்டி, ஒவ்வொரு துண்டாக எடுத்துக் குறுக்கே இழுத்துப் பார்க்கத் தொடங்கினாள்.