மன்னிப்புக் கேட்க நத்தம் போனேன்

2007 மே மாதம், அக்கா மகன் கல்யாணத்துக்காகத் திண்டுக்கல் போயிருந்தேன். குளிக்கப் போகும்போது அக்கா ஒரு சீயக்காய்த்தூள் பாக்கெட்டைக் கையில் கொடுத்தாள். பின்பக்கம் 'தயாரிப்பு: பொன்னுத்தாயி, பளியர் குடியிருப்பு, நத்தம் வழி' என்று அச்சிட்டிருந்தார்கள். குளிக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கல்யாணம் முடிந்த மறுநாள் நத்தம் கிளம்பிவிட்டேன்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் காலை 7.40க்கு வண்டி. டிக்கெட் பதின்மூன்று ரூபாய், 36 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். சன்னலோரம் இடம் கிடைத்தது. மாம்பழக் காலம் என்பதால் வழியெல்லாம் கூடை ஏற்றி இறக்கினார்கள். கண்டக்டருக்கும் கூடைக்காரர்களுக்கும் நடந்த சண்டையை வேறொரு நாளாக இருந்தால் ரசித்திருப்பேன்.

ஏன் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1998இல் திண்டுக்கல்லில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். மலையடிவாரத்துப் பளியர் பழங்குடியினர் சொந்தத் தொழில் தொடங்கக் கடனும் ஆலோசனையும் தரும் திட்டம். ஆலோசகர் நான்தான். வயது இருபத்தாறு, பி.காம். படிப்பு, அதுவரை ஒரு பெட்டிக்கடைகூட நடத்தியதில்லை. பொன்னுத்தாயி சீயக்காய் அரைத்து விற்க விண்ணப்பித்திருந்தார். வெள்ளையன் தேனுக்கு. அவர் மனைவி மாரியம்மாள் நன்னாரி வேருக்கு. வெள்ளையனுக்கு என் அப்பா வயது இருக்கும். நான் அவரை "வெள்ளையா, இங்க வா" என்றுதான் கூப்பிடுவேன்.

நிதி கொடுப்பவர்கள் பார்வையிட வருகிறார்கள் என்று ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி வைத்தோம். மூன்று பேரும் விடிவதற்குள் கிளம்பி, இருப்பதில் நல்ல துணி உடுத்தி வந்திருந்தார்கள். அவர்கள் விற்றால் டவுன்காரர்கள் வாங்கத் தயங்குவார்கள் என்று எனக்குப் பட்டது. அவர்கள் காதுபடவே சொன்னேன். அலுவலகத்துப் பெண்கள் இருவரை மேசை முன்னால் உட்காரவைத்துவிட்டு, மூவரையும் திரைக்குப் பின்னால் பொட்டலம் கட்டச் சொன்னேன். மதியம் பார்த்தால் பொன்னுத்தாயியைக் காணோம். அதன்பின் அவர் அலுவலகப் பக்கமே வரவில்லை. 'பயனாளிகள் மகிழ்ச்சியுடன் பங்கேற்றனர்' என்று அன்று மாலை அறிக்கை எழுதினேன். அதற்குப் பாராட்டும் கிடைத்தது.

நத்தத்தில் இறங்கி விசாரித்ததும் கடையைக் காட்டினார்கள். ஓட்டுக் கட்டடம், உள்ளே அரவை இயந்திரம், நான்கு பெண்கள் சலித்துக்கொண்டிருந்தார்கள். கல்லாவில் இருந்த பொன்னுத்தாயி என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"ஆபீஸ் சாரா? முடியெல்லாம் கொட்டிப்போச்சே சார். நம்ம தூளை வாங்கித் தேய்ங்க."

பெண்கள் சிரித்தார்கள். மகளிர் குழுவில் கடன் வாங்கிப் பழைய இயந்திரம் ஒன்று வாங்கியதாகவும், முதல் இரண்டு வருடம் ஊர் ஊராகத் தலைச்சுமையாய் விற்றதாகவும் சொன்னார். மோர் வந்தது. வாங்கி வைத்துக்கொண்டு, பஸ்ஸில் மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னேன். "அன்னைக்கு உங்களத் திரைக்குப் பின்னால உக்கார வச்சது தப்பு. மன்னிச்சிருங்க."

அவர் சிரிப்பு நின்றது.

"எங்கிட்ட பஸ்ஸுக்குக் காசு இருந்துச்சு சார். கோவம் வந்துச்சு, எந்திரிச்சுப் போயிட்டேன். அவுக ரெண்டு பேருக்கும் திரும்பிப் போற காசு நீங்க குடுத்தாத்தான். அம்புட்டுச் சனம் சாப்புட்டுப் போனதுக்கப்புறம்தான் அவுகளுக்குச் சோறு போட்டீகளாம். மாரியம்மா அத்தை சாகுறவரைக்கும் அதச் சொல்லும்."

மாரியம்மாள் இறந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"வெள்ளையன் மாமா மாந்தோப்பு வேலையில இருக்காரு. எங்கிட்டக் கேட்டு என்ன செய்ய? அவருகிட்டப் போயிச் சொல்லுங்க."

போகாமல் திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பொன்னுத்தாயி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததால்தான் ஆட்டோவைக் கூப்பிட்டேன். மூன்று கிலோமீட்டர், ஐம்பது ரூபாய் கேட்டார்கள். பேரம் பேசவில்லை.

வெள்ளையன் மரத்தடியில் மாங்காய்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். நன்றாக இளைத்திருந்தார். நான் யாரென்று சொன்னதும் சட்டென்று எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"சார், நான் அந்தப் பணம் வாங்கவே இல்லையே சார்."

"அதுக்கு வரலைங்க..."

"கையெழுத்தும் போடல. வேணும்னா பொன்னுத்தாயிகிட்டக் கேளுங்க."

பணத்துக்கு வரவில்லை என்று மூன்று முறை சொல்லவேண்டியிருந்தது. பிறகு கண்காட்சியைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்த தோப்புக் குத்தகைக்காரரையே பார்த்தார்.

"அதுல என்ன சார் இருக்கு. உள்ள ஃபேன் ஓடுச்சு. நல்லாத்தான் இருந்துச்சு." "நான் வேலையப் பாக்கட்டுமா சார்?" என்று கேட்டார்.

என்னிடம் அனுமதி கேட்டார். பாருங்கள் என்றேன். நாங்கள் செய்த உதவியில் அவருக்கு மிஞ்சியது, வாங்காத கடனுக்கு யாராவது வந்து நிற்பார்கள் என்ற பயம் மட்டும்தான். மனைவி இறந்ததைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். மெயின் ரோட்டுக்கு வந்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது.

போக நினைப்பவர்களுக்கு: திண்டுக்கல்லிலிருந்து நத்தத்துக்கு அரைமணிக்கு ஒரு பேருந்து உண்டு. மே மாதத்தில் ஏழரை மணிக்கு முன்னால் ஏறினால் கூடைகளுக்கு நடுவே நிற்கவேண்டாம். சீயக்காய் கால் கிலோ இருபது ரூபாய், தரம் நன்றாக இருக்கிறது. திட்டம், உதவி என்று யாரையாவது வரவழைப்பவர்கள், வந்தவர்கள் திரும்பிப்போகும் பஸ் காசை முதலிலேயே கையில் கொடுத்துவிடுங்கள். பிடிக்கவில்லையென்றால் எழுந்து போக முடியவேண்டும். இன்னொன்று, தோப்பில் வேலை நடக்கும் நேரத்தில் யாரையும் பார்க்கப் போகாதீர்கள். நான் நின்ற இருபது நிமிடத்துக்கு அன்று வெள்ளையன் கூலியில் பிடித்தார்களா என்று எனக்குத் தெரியாது.