அழுத்தம் மூன்று

வேலைப்பளு, தூக்கக் கலக்கம் என்று எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். நான் என் கண்ணால் பார்த்தது இது. அதுவும் பட்டப்பகலில்.

மருத்துவமனைக் கட்டில்களில் பொருத்தும் சின்னத் தொடுதிரைகளைச் செய்வது எங்கள் நிறுவனம். நோயாளி தொட்டால் நர்ஸ் மேசையில் மணி அடிக்கும். விரல் பட்டதைத் திரையின் மூளையான கெர்னலுக்குச் சொல்லும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். அதை எழுதியவன் நான். ஒரு மருத்துவமனையிலிருந்து ஒரு திரை திரும்பி வந்திருந்தது. 'சில நேரம் வேலை செய்வதில்லை' என்று ஒரு சீட்டு, அவ்வளவுதான்.

அதுவரை டிரைவர் தன் பாட்டுக்கு 'தொடுகை வந்தது' என்று மட்டும் எழுதிவைக்கும். அதை வைத்து ஒரு மண்ணும் தெரியாது. ஒவ்வொரு தொடுகையையும் உள்ளே நுழையும் கணத்திலேயே பிடித்து, நேரம், இடம், அழுத்தம், முடிவு என்று தனித்தனிக் கட்டமாகப் பதிவு செய்யும்படி மாற்றினேன். அன்று சனிக்கிழமை, விடுமுறை. வீட்டில் இருந்தாலும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அலுவலகத்தில் சுவராவது பெரிது.

மூன்று மணி. மாடி முழுக்க நான் ஒருவன்தான். திரையை என் கணினியோடு ஒரு வயரில் இணைத்தேன். வேறு இணைப்பு எதுவும் இல்லை. ஒருமுறை தொட்டேன். அழுத்தம் நாற்பது. முடிவு: ஏற்றது. அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தேன்.

3:04. இன்னொரு வரி வந்தது. அழுத்தம் மூன்று. முடிவு: தள்ளியது.

நான் தொடவில்லை.

தூசியாக இருக்கும் என்று துணியால் துடைத்தேன். வரிகள் நிற்கவில்லை. எல்லாம் ஒரே இடம். வலது கீழ் மூலை. நர்ஸை அழைக்கும் பொத்தான்.

மூன்று முறை அழுத்தும். கொஞ்சம் காத்திருக்கும். மறுபடி மூன்று முறை... தூசி காத்திருக்குமா?

3:09. ஏன் தள்ளுகிறது என்று நிரலைத் திறந்தேன். அழுத்தம் ஐந்துக்குக் கீழே இருந்தால் விட்டுவிடு. போர்வை உரசி மணி அடிக்கக் கூடாதென்று போன வருடம் நான் சேர்த்த வரி. பலமில்லாத விரல்களை எல்லாம் இத்தனை நாளும் நானே தள்ளிவிட்டிருக்கிறேனா?

அழுத்தம் இரண்டு.

இரண்டு.

ஒன்று...

நான் சேர்த்த அந்த வரியை அழித்தேன். டிரைவரை மறுபடி ஏற்றினேன்.

3:12. முடிவு: ஏற்றது.

டிங்.

'அழைப்பு சென்றது' என்றது திரை. எங்கே? யாரிடம்?

என்னையறியாமல் வாய்விட்டுச் சொன்னேன்.

"வந்துட்டேன்... சொல்லுங்க."

பதிவு நின்றுவிட்டது. ஐந்தரை வரை உட்கார்ந்திருந்தேன். ஒரு வரிகூட வரவில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கிளம்பும்போது, அதைத் தனியாக விட்டுப் போகிறோமே என்று மனசு கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்த மருத்துவமனைக்குப் போன் செய்தேன். தப்பு என்னுடையது என்று சொல்லிவிட வேண்டும். ஒரு நர்ஸ் எடுத்தார்.

"ஒன்பதாம் கட்டில் திரைதானே சார்? அவருக்கு ஒரு விரல்தான் அசையும். பாக்கக்கூட யாரும் வர மாட்டாங்க. தவறிப் போய்ப் பத்து நாளாச்சு."

"கூப்பிட்டாரா?"

"தெரியல சார். மணி அடிக்கல."

தப்பு என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே தொடர்ந்தார்.

"ஆனா இந்தச் சனிக்கிழமை அந்தக் கட்டில்லேருந்து மணி அடிச்சுது சார். மூணு பன்னெண்டுக்கு. திரையே உங்ககிட்ட இருக்கு! ஓடிப் போய்ப் பாத்தேன். ரூம் காலி."

"அப்புறம்?"

"கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி உள்ளேருந்து ஒரு ஆம்பளைக் குரல் கேட்டுச்சு. 'வந்துட்டேன், சொல்லுங்க'ன்னு..."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"சார்... அது உங்க குரல்."