பாதி மைதானம் கேட்ட டிரில் டீச்சர்

செய்தி காலை முதல் பஸ்ஸில் வந்தது. பொதட்டூர்பேட்டைக்குப் போகும் வண்டியை எங்கள் தெருமுனையில் நிறுத்தச் சொல்லிவிட்டுக் கண்டக்டர் இறங்கி வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

“டீச்சர், நம்ம டிரில் டீச்சரம்மா போயிட்டாங்க. வெடியக்காலைல நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம். ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சு.”

பஸ் நின்றுகொண்டே இருந்தது. ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று உள்ளிருந்து ஒருவரும் குரல் கொடுக்கவில்லை. பாதிப் பேருக்கு லோகநாயகி டீச்சரைத் தெரியும். மீதிப் பேருக்கு அதற்குள் யாரோ சொல்லியிருப்பார்கள். கண்டக்டர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “என் தங்கச்சி அவங்க டீம்ல ஆடினதுங்க” என்றார். பிறகு ஓடிப் போய் ஏறிக்கொண்டார்.

அவரோடு ஒரே பள்ளியில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவள் நான். அவர் உடற்பயிற்சி ஆசிரியை, நான் அறிவியல் ஆசிரியை. இதைப் படிக்கிற, அவரைத் தெரிந்த உங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கும். என்னிடம் இருப்பதை நான் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் அரக்கோணத்திலிருந்து மாற்றலாகி எங்கள் பள்ளிக்கு வந்தார். விளையாட்டுப் பீரியடில் பையன்கள் மைதானத்தில் ஓடுவார்கள். பெண்கள் புங்க மரத்தடியில் உட்கார்ந்து அவர்களின் சட்டைகளையும் செருப்புகளையும் பார்த்துக்கொள்வார்கள். அது வழக்கம். எங்களில் யாருக்கும் அது விசித்திரமாகத் தோன்றவில்லை. வந்த முதல் வாரத்திலேயே லோகநாயகி டீச்சர் தலைமையாசிரியர் அறைக்குப் போனார். நான் ஏதோ கையெழுத்துக்காக அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

“அந்தப் பீரியடு யாருக்கு சார்?”

“எல்லாருக்கும்தாம்மா.”

“கிரவுண்டு?”

தலைமையாசிரியர் நல்ல மனிதர். சிரித்துவிட்டு, “பாவம், பொண்ணுங்களுக்கும் வாரத்துல ஒரு நாள் ஒதுக்கிடலாம்” என்றார்.

“பாவம்னு குடுக்காதீங்க சார். பாவம்னு குடுத்தா நாளைக்கே வேணாம்னு எடுத்துப்பீங்க. பாதி அவங்களுது. அந்தப் பாதியக் குடுங்க.”

பாதி கிடைத்தது. ஆனால் கிடைத்தது கல்லும் நெருஞ்சியும் நிறைந்த மேற்குப் பாதி. அந்த இடத்தில் சடுகுடு ஆடினால் முழங்காலில் தோல் மிஞ்சாது. பெண்கள் ஆசையோடு இறங்கத் தயாராக நின்றார்கள். டீச்சர் விடவில்லை. “கல்லு மேல விழச் சொல்லி நான் யாரையும் கூப்பிட மாட்டேன்” என்றார். பதினைந்து நாள் ஆட்டமே இல்லை, கல் பொறுக்குவதுதான் வேலை. முதல் மூன்று நாள் வேடிக்கை பார்த்த பையன்கள் நான்காம் நாள் கூடை எடுத்துக்கொண்டு வந்தார்கள். பிறகு ஆற்று மணல் இரண்டு வண்டி வந்து இறங்கியது. எங்கள் ஊர் மலைக்கோயிலுக்குப் போகிற கிருத்திகைக் கூட்டம் குறுக்குவழியாக எங்கள் மைதானத்தைக் கடக்கும்போது, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு ஆந்திரக்காரர்கள் நின்று, மணலில் புரளும் பெண்பிள்ளைகளைப் பார்த்து மூக்கில் விரல் வைத்தது நினைவிருக்கிறது.

அடுத்த சிக்கல் உடை. தாவணியோடு சடுகுடு ஆட முடியாது. அரைக்கால் சட்டை என்றதும் ஊரே எதிர்த்து நின்றது. அணியில் நன்றாக ஆடியவள் தேவகி. பொதட்டூர்பேட்டை நெசவாளர் வீட்டுப் பெண், தினமும் பஸ்ஸில் வந்து படித்தாள். அவள் அம்மா ஆட்டத்துக்கே தடை போட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டு, ஒரு சனிக்கிழமை டீச்சர் என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போனார். தெரு முழுக்கத் தறிச் சத்தம். பேசுவதற்காகத் தேவகியின் அப்பா தறியை நிறுத்தினார்.

“காலு தெரியற மாதிரி துணி போட்டுக்கினு எம் பொண்ணு ஊரு நடுவுல குதிக்கணுமா டீச்சர்?” என்றாள் அம்மா.

“வேணாம்மா. உங்க வூட்டுத் துணியிலயே தெச்சிக்கலாம். எது வரைக்கும் நீளம் வேணும்னு நீங்களே சொல்லுங்க.”

அம்மா குனிந்து மகளின் கணுக்காலைத் தொட்டுக் காட்டினாள்.

“அவ்ளோ நீளம் இருந்தா புடிக்க வர்றவங்களுக்குத்தான் வசதி. துணியப் புடிச்சே சாய்ச்சிடுவாங்க.”

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணுக்காலில் தொடங்கிய பேரம் முழங்காலுக்குக் கீழே நான்கு விரலில் முடிந்தது. அப்பாவே கட்டம் போட்ட லுங்கித் துணியைக் கொடுத்தார். பச்சையில் வெள்ளைக் கட்டம். எங்கள் பெண்கள் அந்தக் கால்சட்டையோடு இறங்கிய அன்று பையன்கள் “கைலி டீமு, கைலி டீமு” என்று கத்தினார்கள். டீச்சர் தேவகியிடம், “பேரு நல்லாதான் கீது. வெச்சிக்கலாமா?” என்று கேட்டார். அதுவே எங்கள் அணியின் பெயராக நிலைத்தது.

அப்போதுதான் முனியம்மா வந்தாள். கே.ஜி.கண்டிகைப் பக்கம் காலனிப் பெண். அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நடவு நடுகிறவர்கள். அவளைப் போல் மூச்சுப் பிடித்துப் பாடிப் போகிற பெண்ணை நான் பிறகும் கண்டதில்லை. அவள் கோட்டைத் தாண்டிப் போவதும் தொட்டுவிட்டுத் திரும்புவதும் நம் கண்ணுக்கே தெரியாது, அவ்வளவு வேகம். ஆனால் அவள் பாடி வரும்போது மற்றப் பெண்கள் பிடிக்காமல் விலகினார்கள். வீட்டில் அப்படிச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவளைத் தொட்டுவிட்டு வந்தால் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று ஒரு வீட்டில், இனி ஆட்டமே கிடையாது என்று இன்னொரு வீட்டில்.

டீச்சர் ஆட்டத்தை நிறுத்தினார். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. எல்லாரையும் மணலில் உட்கார வைத்தார்.

“சடுகுடுல தொடணும். தொடலன்னா அதுக்குப் பேரு சடுகுடு இல்ல. இவள யாரும் புடிக்க மாட்டீங்கன்னா இவ வந்து எல்லாரையும் அவுட்டாக்கிட்டுப் போயிகினே இருப்பா. எனக்கு ஒண்ணும் இல்ல. உங்களுக்குச் சம்மதமா?”

பிறகு முனியம்மா பக்கம் திரும்பி, “நீ இன்னா சொல்ற?” என்றார்.

முனியம்மா தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: “புடிக்காம வுட்டா எனக்கு ஆட்டமே இல்ல டீச்சர். சும்மா ஓடிகினு கீறேன்.”

அடுத்த முறை அவள் பாடி வந்தபோது தேவகி பாய்ந்து கணுக்காலைப் பிடித்தாள். இரண்டு பேரும் உருண்டார்கள். மேலே இன்னும் மூன்று பெண்கள் விழுந்தார்கள். மணலுக்கு அடியிலிருந்து முனியம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. அன்று மாலை எத்தனை வீடுகளில் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்களோ தெரியாது. மறுநாள் எல்லாப் பெண்களும் வந்திருந்தார்கள்.

இனிச் சொல்லப்போவது உங்களில் சிலருக்கு நேரில் தெரியும், சிலருக்குச் செவிவழியாகத் தெரியும். தேவகி என்னிடம், “எழுதுங்க டீச்சர், எம் பேரப் போட்டே எழுதுங்க” என்று சொல்லியிருப்பதால் எழுதுகிறேன்.

ஊரில் சில பேர் குழுவாகச் சேர்ந்து பெண்கள் சடுகுடுப் போட்டி ஒன்றை நடத்தினார்கள். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் ஓர் அணி வந்திருந்தது. வெளியூர்க்காரர் ஒருவர், பழைய ஆட்டக்காரர், போட்டிப் பொறுப்பாளராக வந்திருந்தார். ஆடுவதற்கு முன் எடை பார்க்க வேண்டும் என்று சொல்லி, காலையில் பெண்களை ஒவ்வொருவராக ஓர் அறைக்குள் கூப்பிட்டார். ஆசிரியைகள் வெளியே நிற்க வேண்டுமாம். டீச்சர் மறுத்துக் கேட்டதற்குக் குழுவினர், “சட்டம் அப்படிங்க” என்றார்கள். ஆந்திர அணிக்கு எடை பார்ப்பது முன்பே முடிந்திருந்தது; எங்கள் பெண்களில் தேவகி முதலில் போனாள். வெளியே வந்தவள் நேராகத் தண்ணீர்க் குழாயடிக்குப் போய்க் கையையும் தோளையும் கழுவிக்கொண்டே இருந்தாள்.

டீச்சர் மற்றப் பெண்களை உள்ளே விடாமல் நிறுத்திவிட்டு அவளிடம் போனார். நானும் போனேன்.

“எனக்கு இனிமே ஆட்டம் வேணாம் டீச்சர்” என்றாள் தேவகி. பிறகு நடந்ததைச் சொன்னாள்.

டீச்சரின் குரல் நிதானமாக இருந்தது.

“உம் மேல ஒரு தப்பும் இல்ல. இப்ப நீ சொல்லு, நான் இன்னா செய்யணும்? நீ சொல்லாம நான் ஒண்ணும் செய்ய மாட்டேன். வூட்டுக்குப் போலாம்னா இப்பவே போலாம்.”

தேவகி குழாயை மூடினாள். பிறகு, “நான் ஆடணும் டீச்சர். அந்தாளு இங்க இருக்கக் கூடாது” என்றாள்.

டீச்சர் குழுவிடம் போய்ச் சொன்னார். அவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள். போட்டி முடியட்டும், பிறகு விசாரிக்கலாம், வெளியே தெரிந்தால் பெண்ணின் பெயர்தான் கெட்டுப்போகும் என்றார்கள். டீச்சர் திரும்பி வந்து, அவர்கள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் பெண்களிடம் சொன்னார். பிறகு நடந்தது அவர் திட்டமிட்டதல்ல. தேவகி எழுந்து போய் ஆடுகளத்தின் நடுக்கோட்டில் உட்கார்ந்தாள். முனியம்மா அவளை ஒட்டி உட்கார்ந்தாள். பச்சைக் கட்டம் போட்ட கால்சட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மணலில் அமர்ந்தன.

சுற்றிலும் கூட்டம். மைக்கில் கெஞ்சினார்கள், பிறகு மிரட்டினார்கள். எதிர் அணியின் தலைவி எங்கள் பெண்களிடம் வந்து தெலுங்கில் ஏதோ கேட்டாள். தேவகி சொன்னாள். அந்தப் பெண்ணின் முகம் மாறியது. அவள் தன் அணியைத் திரும்பிப் பார்த்து, “மேமூ ஆடம்” என்றாள். நாங்களும் ஆட மாட்டோம் என்று. அவர்களும் வந்து எதிர்ப் பாதியில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் அந்த அறையில் என்ன நடந்தது என்பதை யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

அப்போது தேவகியின் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மகளை இழுத்துக்கொண்டு போகப்போகிறார் என்றே நினைத்தேன்.

“இன்னாம்மா ஆச்சு?”

“அந்தாளு என்னத் தப்பாத் தொட்டான் நைனா.”

அவர் ஒரு நிமிடம் மலையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குழுவினர் உட்கார்ந்திருந்த பந்தலுக்கு நடந்தார்.

“எம் பொண்ணு ஆடறதுக்கு வந்துகீது. அத்த ஆட வுடுங்க. போவ வேண்டியவன் அவன்.”

அதற்கு மேல் குழுவால் தாங்க முடியவில்லை. அந்த ஆளைப் பந்தலிலிருந்து வெளியேற்றினார்கள். கூட்டம் அடிக்கப் பாய்ந்தது. டீச்சர் குறுக்கே போய்க் கைகளை விரித்து நின்றார். “யாரும் கை வைக்காதீங்க. நாலு அடி வுட்டா நாளைக்கு அவரு பாவம் ஆயிடுவாரு. போலீஸ் வரட்டும்.” போலீஸ் வந்தது. புகார் எழுதப்பட்டது, விசாரணை நடந்தது. அந்த ஆள் அதன் பிறகு எந்த மைதானத்திலும் கால் வைக்கவில்லை.

எடைத் தராசு வெளியே வந்தது. இரண்டு அணிகளின் ஆசிரியைகளும் நின்று, எல்லார் கண்முன்னும் எடை பார்த்தார்கள். “ரகசியமா நிறுக்கறதுக்கு இது இன்னா தங்கமா?” என்று டீச்சர் கேட்டபோது, அழுது வீங்கிய முகத்தோடு தேவகி சிரித்தாள்.

பிறகு ஆட்டம் நடந்தது. அப்படி ஓர் ஆட்டத்தை நம் ஊர் பார்த்ததில்லை. இரண்டு அணிகளும் ஒன்றுக்கொன்று ஒரு துளி இரக்கம் காட்டவில்லை. ஒரு பெண்ணுக்குத் தோள் பிசகியபோது டீச்சர் நேரத்தை நிறுத்தி, கட்டுப் போட்டு, அவள் கெஞ்சியும் வெளியே உட்கார வைத்தார். “நாளைக்கும் ஆடணுமில்ல?” என்றார். கடைசிப் பாட்டு முனியம்மாவுடையது. நான்கு பேர் அவளைப் பிடித்தார்கள். நால்வரையும் இழுத்துக்கொண்டு அவள் கையை நீட்டினாள். விரல் நுனி கோட்டைத் தொட்டது. வென்றோம். மொட்டைத் தலைக்காரர் ஒருவர் தன் மலைப் பிரசாதத்தை அப்படியே முனியம்மாவின் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த ஆண்டிலிருந்து அந்தப் போட்டியில் பெண்களின் அறைக்கு உள்தாழ்ப்பாள் வந்தது. ஒவ்வோர் அணிக்கும் ஓர் ஆசிரியை கூடவே இருக்க வேண்டும் என்றும், எந்தப் பெண்ணையும் யாரும் தனியே கூப்பிடக் கூடாது என்றும் விதி வந்தது. குழுக்காரர்கள் அதைத் தாங்களே யோசித்துக் கொண்டுவந்ததாக இன்றும் சொல்கிறார்கள். டீச்சர் அதைக் கேட்டால், “சொல்லிகினு போவட்டும், தாழ்ப்பாள் இருந்தா சரி” என்பார்.

இறுதி ஊர்வலத்தன்று வந்தவர்களை நீங்கள் பார்த்தீர்கள். தேவகி இப்போது ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. முனியம்மா காவல்துறையில் இருக்கிறாள், சீருடையோடு வந்திருந்தாள். எல்லைக்கு அப்பாலிருந்து அந்த எதிர் அணித் தலைவியும் வந்திருந்தாள். பாடையை அவர்கள்தான் தூக்கினார்கள். ஒரு பெரியவர் முன்னால் வந்து, “பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வரக் கூடாதும்மா” என்றார்.

“ஆங், தெரியுங்க பெரியவரே. கொஞ்சம் வழி வுடுங்க” என்றாள் முனியம்மா.

அவர் வழி விட்டார்.

லோகநாயகி டீச்சரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது ஒரு தழும்பு. இந்த ஊருக்கு நான் வேலைக்கு வந்தபோது கணவர் இறந்து ஓர் ஆண்டு ஆகியிருந்தது. நான் சத்தமாகச் சிரித்தாலே ஊர் திரும்பிப் பார்க்கும் காலம். ஒரு மாலை அணியில் ஓர் ஆள் குறைந்தது. டீச்சர் மைதானத்தின் நடுவிலிருந்து, “எறங்குங்க டீச்சர்” என்றார். நான் மறுத்தேன். “உங்களுக்கு ஆடப் புடிக்கலன்னா வேணாம். ஊரு இன்னா சொல்லும்னுதான் யோசிக்கிறீங்கன்னா, எறங்குங்க” என்றார். புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இறங்கினேன். பாடத் தெரியாமல் பாடிப் போய், பிடிபட்டு விழுந்தேன். வலது முழங்காலில் நல்ல காயம். வீட்டில் மாமியார் பார்த்துவிட்டு, “எங்க விழுந்தே?” என்று கேட்டார்.

“விளையாடும்போது விழுந்தேன்” என்றேன். அதற்கு முன் என் வாழ்நாளில் அந்த வார்த்தைகளை நான் சொன்னதில்லை.