கிள்ளாமல் விட்ட பூ

என் மாமனாரை நினைத்தால் ஈரச் சாக்கு சுற்றிய ஒரு மாங்கன்றுதான் முதலில் கண்முன் வருகிறது. மேலூருக்கு வெளியே, எங்கள் வீட்டுக்குப் பின்னால் அவர் வைத்த ஒட்டுக் கன்று. என் இடுப்பு உயரம்கூட இல்லை. பட்டாளத்தில் லாரி ஓட்டியவர் அவர். "காஷ்மீர்ல பனிக்குப் பயந்து ஆப்பிள் கன்னுக்குச் சாக்கு சுத்துவாக. நமக்கு வெயிலுதான் பனி" என்பார். தண்டுக்குச் சுண்ணாம்பு, மேற்கே பனையோலைத் தடுப்பு, அடியில் வைக்கோல். புது மாப்பிள்ளைக்குக்கூட அப்படி உபசாரம் நடக்காது.

மறு வருடம் தையிலேயே கன்று பூத்துவிட்டது. ஒட்டுக் கன்றின் முதல் பூவைக் கிள்ளிவிட வேண்டும். காய்க்க விட்டால் கன்று சோர்ந்து கோடையைத் தாங்காது. அவருக்குத் தெரியாததல்ல. பூவருகே கையைக் கொண்டுபோனவர், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். எனக்குக் கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தையில்லை. "இருந்துட்டுப் போகட்டும் தாயி" என்று கையை எடுத்துக்கொண்டார். என் கண்ணெதிரே பூவைக் கிள்ள அந்த மனிதருக்கு மனம் வரவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அது காய்த்தால் எனக்கும் நல்லது நடக்கும் என்று ஒரு பைத்தியக்கார ஆசை.

மூன்று பிஞ்சு நின்றது. பங்குனி வெயிலில் இலைகள் சுருளத் தொடங்கின. சாக்கை நனைத்து நனைத்துச் சுற்றினார். உச்சி வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். "பிஞ்சப் பறிச்சுட்டா கன்னு பொழைச்சுக்கும்லண்ணே" என்ற பக்கத்து வீட்டுக்காரரிடம், "ஒன் சோலியப் பாரு" என்று எரிந்து விழுந்தார்.

மறுநாள் காலை நானே மூன்றையும் பறித்து நறுக்கி, உப்பும் மிளகாய்ப் பொடியும் தூவி அவர் முன்னால் வைத்தேன். தட்டைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது. "எனக்காக அதைச் சாகக் குடுக்காதீக மாமா. பிள்ளை வந்தா வரட்டும், வராட்டி போகட்டும்" என்றேன். அவர் ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். "எம்புட்டுப் புளிப்பு" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கன்று பிழைத்துக்கொண்டது. எனக்குத்தான் பிள்ளை பிறக்கவில்லை. கல்யாண வீடுகளில் யாராவது என்னிடம், "ஏதும் விசேஷம் உண்டா?" என்று கேட்டால் அவரே முந்திக்கொள்வார். "எங்க வீட்ல பிள்ளை இல்லைன்னு எவன் சொன்னான்? இந்தா நிக்கிதுல்ல" என்று என்னைக் கைகாட்டுவார்.

அவர் போய் நான்கு வருடமாகிறது. மரம் இப்போது மாடியைத் தொடுகிறது. கேட்கிறவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். முந்திக்கொண்டு பதில் சொல்லத்தான் ஆளில்லை.