இரண்டு மாசிடோனியா

புருஷன் செத்துப்போன சேதி அம்பிகாவுக்குக் கல்லங்குறிச்சி டெலிபோன் பூத்தில் வந்தது. 2001ஆம் வருஷம், தை பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது.

அவள் புருஷன் கண்ணையன் வெல்டர். ஆலத்தியூர்ப் பக்கம் ஒப்பந்த வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், கிரீஸில் வேலை என்று ஏஜெண்ட் சொன்னதை நம்பி, பக்கத்துத் தெரு மணிமாறனோடு கிளம்பிப் போனான். போய் ஆறு மாதம் முடியவில்லை.

"அண்ணி, மணிமாறன் பேசறேன். அண்ணன் தவறிட்டாரு அண்ணி. சளி நெஞ்சுல கட்டிக்கிச்சு."

"எங்க தம்பி?"

"மாசிடோனியாவுல."

"எங்க?"

"மாசிடோனியா அண்ணி, மாசிடோனியா…" லைன் அறுந்துபோனது.

அம்பிகாவுக்கு அழுகை வரவில்லை. அந்தப் பெயர் மறந்துவிடக் கூடாது என்ற ஒரே நினைப்புதான். மாசிடோனியா, மாசிடோனியா என்று முணுமுணுத்துக்கொண்டே வீடு வரைக்கும் நடந்தாள். வழியில் பேச்சுக் கொடுத்தவர்களுக்குக்கூடப் பதில் சொல்லவில்லை, வாய் திறந்தால் அது போய்விடும் என்று.

மாமியார் ரெங்கம்மாள் கேட்டுவிட்டு வெறித்துப் பார்த்தாள். "எங்க செத்தான்னே தெரியலங்கற. அப்புறம் எப்படி செத்தான்னு மட்டும் சொல்லுற?"

உறுதியாகத் தெரியாமல் காரியம் கிடையாது என்றுவிட்டாள். தாலியும் கழுத்தில் அப்படியே கிடந்தது.

அவள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். மறுநாளும் போய் உலை வைத்தாள். சோறு வடித்த கையோடு சத்யா டீச்சரிடம் அந்தப் பெயரைச் சொன்னாள். டீச்சர் சுவரில் தொங்கிய உலகப் படத்தில் விரலை ஓட்டித் தேடினார். பழைய படம் அது. கிரீஸுக்கு மேலே யூகோஸ்லாவியா என்று ஒரே நிறத்தில் பெரிய நாடு. மாசிடோனியா என்று நாடு எதுவும் அதில் இல்லை. கிரீஸின் வடக்கே ஒரு பகுதிக்கு அந்தப் பெயர் இருப்பதாக டீச்சர் படித்திருந்தார். போன் வந்ததும் கிரீஸிலிருந்துதான் என்று பூத்துக்காரரும் சொன்னார். அதனால் மனுவில் கிரீஸ் என்றே எழுதினார்கள்.

மனுவை அரியலூர் கலெக்டர் ஆபீஸில் கொடுத்தாள். மறுவருஷம் அரியலூர் மாவட்டமே இல்லை, பெரம்பலூரோடு சேர்த்தாகிவிட்டது என்றார்கள். பிறகு பெரம்பலூருக்கு பஸ் ஏறினாள். அங்கேதான் பதில் வந்தது. கிரீஸின் மாசிடோனியா பகுதியில் ஆஸ்பத்திரி, பிணவறை எங்கும் விசாரித்தாயிற்று. அப்படி ஒருவர் இறந்ததாகப் பதிவு இல்லை.

ரெங்கம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. "நான் அப்பவே சொல்லல? எம்புள்ள உசுரோட இருக்கான்!" என்று பெருமாள் கோயிலுக்குப் போய், வரும்போது இரண்டு முழம் மல்லிகை வாங்கிவந்து மருமகள் தலையில் தானே வைத்தாள். அம்பிகா தலையைக் குனிந்து கொடுத்தாள். தெருவில் இரண்டு விதமாகவும் பேசினார்கள். கல்யாண வீடுகளில் சிலர் குங்குமம் நீட்டினார்கள், சிலர் அவளைத் தாண்டிப் போனார்கள். எது நடந்தாலும் அவளுக்கு ஒன்றாகத்தான் இருந்தது. ராத்திரி படுத்தால் தூங்கினாள். விடிந்தால் எழுந்தாள்.

2003இல், திருட்டுத்தனமாக நுழைந்தவன் என்று கிரீஸில் மணிமாறனைப் பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்த மறுநாள் வாசலில் வந்து நின்றான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அம்பிகா கிரீஸிலிருந்து வந்த பதிலைச் சொன்னாள்.

"ஐயோ அண்ணி, கிரீஸுல எதுக்குத் தேடுனாங்க? அண்ணன் பார்டர் தாண்டவே இல்லயே. பார்டருக்கு முன்னாடி நாட்டுலயே படுத்துட்டாரு. அது தனி நாடு. அது பேரும் மாசிடோனியாதான்."

"ரெண்டு இருக்கா?"

"ஆமா அண்ணி. முன்னாடி எல்லாம் சேர்ந்து யூகோஸ்லாவியாவா இருந்துச்சாம், கம்யூனிஸ்ட் ஆட்சி. அது உடைஞ்சப்ப இவங்க இந்தப் பேரோட தனியா வந்துட்டாங்க. கிரீஸ்காரன் ஒத்துக்க மாட்டேங்கறான். பேரும் எங்களோடது, அலெக்சாண்டர் ராசாவும் எங்க ஆளு, சரித்திரத்தையே திருடுறானுங்கங்கறான். நான் வேலை பார்த்த தோட்டத்து மொதலாளிகிட்ட மாசிடோனியாவுல எங்க அண்ணன் செத்துட்டாருன்னேன். அவன் செத்தவரப் பத்திக் கேக்கல. அந்த நாட்டுக்கு அந்தப் பேரைச் சொல்லாத, அதோட தலைநகர் பேரை வச்சு ஸ்கோப்யேன்னு சொல்லுன்னு கத்துனான்."

அம்பிகா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு மணிமாறன் தொடர்ந்தான். "பார்டர் தாண்டற வரைக்கும் நாங்க அங்க ஒரு கெழவர் வூட்ல ஒளிஞ்சிருந்தோம். அவரு இன்னும் யூகோஸ்லாவியான்னுதான் சொல்லுவாரு. அவரு மவனுக்கு அது புடிக்காது. அண்ணன் அங்க படுத்துக் கெடக்கறப்பவும் அப்பனும் மவனும் அதுக்குத்தான் சண்ட போட்டுக்கிட்டாங்க. அண்ணன் போனதும் ஏஜெண்டு ஆளு எங்கள இழுத்துக்கிட்டுப் போயிட்டான். பாடிய கெழவர்கிட்ட விட்டுட்டு வந்துட்டேன் அண்ணி."

"கடைசியா என்ன சாப்பிட்டாரு?"

"பாலு. கெழவரு பொண்டாட்டி காய்ச்சிக் குடுத்துச்சு. பாதிதான் குடிச்சாரு."

அவள் தலையாட்டிவிட்டு, அவனுக்குச் சோறு போடப் போனாள்.

மறுபடியும் மனு. இந்த முறை நாட்டின் பெயரைச் சரியாக எழுதினார்கள். மழைக்காலம் கழிந்து பதில் வந்தது. எல்லையோரம் கெவ்கெலியா என்ற ஊரின் இடுகாட்டில் அடையாளம் தெரியாத ஒருவரைப் புதைத்திருந்தார்கள். புதைக்கும் முன் போலீஸ் எடுத்த போட்டோ ஒன்றும் கூடவே இருந்தது. முகம் வீங்கி யாரோ மாதிரி இருந்தது. வலது முன்கை மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அதில் பச்சை குத்தியிருந்தது.

ரெங்கம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. போட்டோவைக் கையில் வாங்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"என்னம்மா எழுதியிருக்கு?"

"உங்க பேரு, அத்தை."

ரெங்கம்மாள் போட்டோவை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். அவள் கத்துவாள் என்று அம்பிகா காத்திருந்தாள். கத்தவில்லை. "அந்த மண்ணுல குளிரு ஜாஸ்தியா?" என்று மட்டும் கேட்டாள்.

"மணிமாறனைக் கேக்கணும் அத்தை."

உடம்பு இல்லாமலேயே காரியம் செய்தார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். தாலியை இறக்கும்போது மூன்று வருஷமாகச் சேர்ந்த அழுக்கு கழுத்தில் கோடாகத் தெரிந்தது. அம்பிகா அதை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டாள். இப்போதாவது அழுகை வருமா என்று பார்த்தாள். தோள் வலித்தது, அவ்வளவுதான்.

காரியம் முடிந்த திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போய் அடுப்பு மூட்டினாள். சாயங்காலம் வந்து ரசம் வைத்துச் சோறு பிசைந்து கொடுத்தாள். ரெங்கம்மாள் சுவரைப் பார்த்தபடி வாங்கிச் சாப்பிட்டாள். பிறகு அம்பிகாவும் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். உப்பு போட மறந்திருக்கிறோம் என்பது பாதிச் சோற்றில்தான் தெரிந்தது. எழுந்து போய் எடுத்துவரத் தோன்றவில்லை.